இரண்டாவது புகைபோக்கி

சவரிமுத்து போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். பங்குனி பிறந்ததும் மாடித் தளத்தை வெள்ளையாக்கிவிட வேண்டும், அதையும் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவர் எங்கள் வீட்டுக்குப் போட்டுக் கொடுத்த விதி. இந்த வருஷமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கருப்பையா கொத்தனார் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, கீழே நின்றபடியே அண்ணாந்து சொன்னார்.

"சார், வீட்டுப் படம் போடுற அய்யா விடியக்காலம் தவறிப் போயிட்டாக."

முக்கால்வாசித் தளம் முடிந்திருந்தது. நான் கையில் மட்டையோடு அப்படியே நின்றேன். கருப்பையா செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி வந்து இன்னொரு மட்டையை எடுத்துக்கொண்டார். இருவரும் மீதித் தளத்தையும் அடித்து முடித்தோம். பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தால், படுத்திருக்கிற இடத்திலிருந்தே அவர் என்னைக் கேட்டிருப்பார் என்று தோன்றியது. அதன் பிறகு குளித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

அவர் வரைந்து கொடுத்த வீடுகளில் குடியிருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திண்டுக்கல்லைச் சுற்றி அப்படிப்பட்ட வீடுகள் ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். வடமதுரைப் பக்கம் இரண்டு, ஆத்தூர்ப் பாதையில் ஒன்று, மற்றவை ஊரை ஒட்டியே. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நம்மில் பலர் ஒருவரை ஒருவர் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டோம். "உங்கள் வீட்டிலும் மேற்கே சன்னல் கிடையாதா?" என்று கேட்டுத்தான் அறிமுகம் ஆனோம். அவர் ஒரு அரசாங்க அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர். பகலில் பாலமும் மதகும் வரைவார், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகும் வீடு வரைவார். இஞ்சினியர் பட்டம் கிடையாது. அதைச் சொல்லி யாராவது மட்டம் தட்டினால், "வெயிலுக்கும் பட்டம் கிடையாது, அது பாட்டுக்கு அடிக்குதுல்ல" என்பார்.

அவரிடம் நான் போனது என் மனைவி பாக்கியத்துக்காக. நயா பைசா புழக்கத்துக்கு வந்த சமயம் அது. நான் ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், சன்னலே இல்லாத அடுப்படி உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். பாக்கியத்துக்கு இழுப்பு நோய். கார்த்திகை பிறந்தால் பங்குனி வரைக்கும் மூச்சுக்கு அவள் படும் பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியாது. வைத்தியர் ஒருநாள் என்னைத் தனியாக வெளியே அழைத்தார். மருந்தால் ஆவது இவ்வளவுதான், புகை இல்லாத வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடு, இல்லாவிட்டால் இன்னும் நாலைந்து பனிக்காலம் தாங்கினால் அதிகம் என்று சொன்னார். அன்றைக்கே நத்தம் சாலையில் ஒரு துண்டு நிலம் பார்க்க ஆரம்பித்தேன்.

எத்தனை அறை வேண்டும், எந்தத் திசையில் வாசல் வேண்டும் என்றெல்லாம் கேட்பார் என்று நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அவர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. பாக்கியத்தின் பக்கம் திரும்பி, "தங்கச்சி, மத்தியானம் ரெண்டு மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டார். அவள் விழித்தாள். வீட்டிலேயே எந்த மூலையில், உட்கார்ந்தா, படுத்தா, என்ன வேலை செய்துகொண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், பொய் சொல்லாமல் பதில் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். "நீங்க ரெண்டு மணிக்கு வீட்ல இருக்க மாட்டீங்கல்ல சார்?" நான் இருக்க மாட்டேன் என்றேன். "அப்ப இது அவங்க வீடு. நீங்க சாயந்திரம் வந்து போற ஆளு" என்றார். பாக்கியம் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது, "இந்த அண்ணன் எந்த வீடு போட்டுக் குடுத்தாலும் சரி, நான் இருந்துக்கிருவேன்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலத்தைப் பார்க்க வந்தார். மடக்கு நாற்காலி, தூக்குவாளியில் தயிர்ச்சோறு, ஒரு கட்டு பீடி, இவ்வளவுதான் சாமான். அளவு நாடாவை எடுப்பார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்க, அவர் நிலத்தின் நடுவில் இருந்த வேப்பமரத்தடியில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். மரத்தின் நிழல் நகர நகர நாற்காலியும் நகர்ந்தது. நிழல் போன இடத்திலெல்லாம் ஒரு கல்லை வைத்தார். பொழுது சாயும்போது பார்த்தால் தரையில் கற்கள் வளைந்த வரிசையாகக் கிடந்தன. அந்த வரிசைக்கு உள்ளேதான் முற்றம் வந்தது. மரத்தை வெட்டினால் இன்னும் ஒரு அறை கிடைக்குமே என்று என் மச்சினர் அப்போதும் கேட்டார், பிறகும் கேட்டார். நத்தத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். தங்கை வீட்டுக்கென்று பனஞ்சட்டங்களைத் தாமே இழைத்துக் கொண்டுவந்து இறக்கிய மனிதர், ஆகையால் அவருக்குக் கேட்க உரிமை உண்டு. மரம்தான் இந்த வீட்டின் முதல் அறை, அது கட்டி முடிந்துவிட்டது, மீதியை நாம் கட்ட வேண்டும் என்று சவரிமுத்து அவருக்கு அமைதியாகப் பதில் சொன்னார்.

படத்தை உடனே வரைந்துவிட மாட்டார் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு வருஷம் காற்று பார்க்க வேண்டும் என்றார். நிலத்தில் ஒரு மூங்கில் கழி நட்டு, உச்சியில் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டினார். அடியில் ஒரு கல்லைப் பதித்து எட்டுத் திசைக்கும் கோடு போட்டார். காலை ஏழு மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று நான் சைக்கிளில் போய்ப் பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும்; இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட இடைவேளை. நிலத்துக்கு வடகிழக்கே ஒரு கரடு இருக்கிறது, பாறையும் கள்ளியுமாகச் சின்ன மலை. ஊரில் அடிக்கிற காற்று வேறு, கரட்டடியில் அடிக்கிற காற்று வேறு என்றார். "அடுப்பை எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியாது சார். அந்தத் துணிக்குத்தான் தெரியும்" என்றும் சொன்னார்.

ஆடியில் ஆரம்பித்தேன். ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம், துணி கிழிந்து மூன்று தடவை மாற்றினேன். மேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று ஒழுங்காக எழுதி வந்தேன். ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. செம்மண் சகதி சைக்கிள் சக்கரத்தில் அப்பிக்கொண்டு உருள மறுத்தது. ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்கப்புறம் இடைவேளைக்கு ஆசிரியர் அறையில் கேரம் பலகை இருந்தது, சுக்குக் காப்பி இருந்தது. கார்த்திகை முழுக்க நான் அந்தக் கழியின் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை.

வாத்தியார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, வாத்தியார்கள் படித்தால் கோபப்படாதீர்கள். பாடக் குறிப்பு நோட்டு என்று ஒன்று, அன்றன்றைக்கு எழுத வேண்டியது. பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும் உட்கார்ந்து மூன்று மாதத்துக்கும் ஒரே மூச்சில் எழுதுவோம். பேனாவை மாற்றி மாற்றி எழுதுவோம், நடுவில் ஒரு அடித்தல் திருத்தல் போடுவோம், ஒரு பக்கத்தில் காப்பிக் கறையும் வைப்போம். இதில் நான் கைதேர்ந்தவன். மார்கழி முதல் வாரத்தில் சவரிமுத்து நோட்டைக் கேட்டு அனுப்பினார். அன்று மத்தியானமே உட்கார்ந்து விட்டுப்போன முப்பத்தேழு நாளையும் எழுதி முடித்தேன். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும் என்று எட்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே வடகிழக்கு, வடக்கு, வடகிழக்கு, நடுவில் நாலு நாள் காற்று இல்லை, ஒரு இடத்தில் மழைத்துளி பட்டு மை கலைந்ததுபோல ஒரு சொட்டுத் தண்ணீர். எழுதி முடித்து, இரண்டு நாள் கழித்து அனுப்பினேன். தையிலிருந்து மறுபடி ஒழுங்காகப் போய்ப் பார்த்து எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆடிக்குப் பிறகு படம் வந்தது. மேற்கே சன்னல் இல்லாத தடித்த சுவர், அதை ஒட்டி விறகு அறை, குளியலறை, மாடிப்படி. வெயில் முதலில் அவற்றைச் சுட்டுக் களைத்துப்போகட்டும் என்றார். நடுவில் கூடம். கிழக்கே மரமும் முற்றமும், முற்றத்துக்குத் தெற்கே ஒரு அறை, வடக்கே ஒரு அறை. அளவில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. இரண்டிலும் சன்னலுக்குக் கீழே ஒரே உயரத்தில் ஒரு கல்மேடை. தெற்கறை அடுப்படி, வடக்கறை படுக்கை. காற்று வடக்கேயிருந்து வருகிறபடியால் அடுப்பைத் தெற்கே வைத்தால் புகை வீட்டுக்குள் திரும்பாமல் வெளியே போய்விடும் என்று விளக்கினார். தென்கிழக்கில் அடுப்பு என்பதில் மச்சினருக்கும் பரம திருப்தி. படுக்கை அறைக்கு எதற்குக் கல்மேடை என்று நான் கேட்டேன். "இருக்கட்டும் சார், புத்தகம் வைக்கலாம்" என்றார்.

மறு வருஷம் ஆவணியில் குடி போனோம். தளத்தில் பானைகளைக் கவிழ்த்து அடுக்கி மேலே சுண்ணாம்புச் சாந்து போட்டிருந்ததால் மத்தியானம் இரண்டு மணிக்குக் கூடம் குளுகுளுவென்று இருந்தது. எங்கள் தலைமையாசிரியர் வந்தவர், மின்விசிறி எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று மேலே தேடினார். எங்கள் பக்கத்துக்கு அப்போது மின்சாரமே வந்திருக்கவில்லை. புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் பாக்கியம் மருந்துப் புட்டியைத் தொடவில்லை. கார்த்திகை இரண்டாம் வாரத்தில் காற்று மாறியது.

வடகிழக்கிலிருந்து வந்த வாடை, கரட்டைச் சுற்றிக்கொண்டு, தெற்கேயிருந்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. துணியைப் பார்த்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும். அடுப்படிப் புகையை அப்படியே வாரிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி நேரே படுக்கை அறைக்குக் கொண்டுபோனது. மூன்று நாள் சமாளித்தோம். நாலாம் நாள் காலையில் அவளுக்கு இழுப்பு கண்டது, முன்பு எப்போதும் கண்டிராத அளவுக்கு. உதடு நீலம் பாரித்துவிட்டது. வைத்தியர் வந்து ஊசி போட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் கொஞ்சம் அடங்கியது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பேச்சு வரவில்லை. நான் அன்றைக்குப் பயந்ததுபோல் என் வாழ்நாளில் பயந்ததில்லை. காரணம் என்னவென்று அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

மச்சினர் நத்தத்திலிருந்து வந்துவிட்டார். கருப்பையா போய்ச் சவரிமுத்துவை அலுவலகத்திலிருந்தே அழைத்து வந்தார். அவர் முற்றத்தில் நின்று, அடுப்பில் கொஞ்சம் ஈர விறகை வைத்துப் பற்றவைக்கச் சொன்னார். பாக்கியத்தைக் கூடத்துக்கு அப்பால் மேற்கே கொண்டுபோய் உட்காரவைத்திருந்தோம். புகை கிளம்பி மரத்தடி வழியே வடக்கறைச் சன்னலுக்குள் போவதை எல்லோரும் பார்த்தோம். மச்சினர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஒரு வருசமாக் காத்துப் பாத்தேன் காத்துப் பாத்தேன்னு சொன்னீக. இம்புட்டுத்தானா நீங்க பாத்தது? எந்தங்கச்சி சாகப் பாத்தாளே."

நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. சவரிமுத்து என் முகத்தைப் பார்க்காமல் மச்சினரைப் பார்த்துச் சொன்னார்.

"என் கணக்கு தப்பிப்போச்சுங்க. ரெண்டு நாள் டயம் குடுங்க, சரி பண்ணிர்றேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. பின்னாலும் இதை நான் எப்படியெப்படியோ சமாதானம் செய்து பார்த்திருக்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடையாது.

அவர் மாடிப்படி ஏறி வடக்கறையின் மேல் போனார். கருப்பையாவிடம் தளத்தில் ஒரு இடத்தைக் காட்டித் தட்டச் சொன்னார். மேலே இருந்த சாந்தும் ஒரு தட்டை ஓடும்தான் பெயர்ந்தன, அடியில் ஓட்டை. படுக்கை அறைச் சுவருக்குள் அடியிலிருந்து உச்சிவரை ஒரு புகைபோக்கி கட்டி, மேலேயும் கீழேயும் மூடி வைத்திருந்தது. கட்டிய கருப்பையாவையும் என்னையும் தவிர மற்ற எல்லோருக்கும் அது ஆச்சரியம். நானும் கட்டும்போது பார்த்தவன்தான், ஏதோ காற்றுப் போக என்று நினைத்திருந்தேன். இரண்டே நாளில் கல்மேடை மேல் அடுப்பு வந்தது, வடக்கறை அடுப்படியாயிற்று, தெற்கறை படுக்கை அறையாயிற்று. ஒரு சுவரைக்கூட இடிக்கவில்லை. இப்போது தெற்கேயிருந்து வந்த காற்று முதலில் பாக்கியத்தின் கட்டிலைத் தொட்டுவிட்டு, புகையை வடக்கே தள்ளிக்கொண்டு வெளியே போயிற்று. மார்கழி முழுக்க அவள் ராத்திரியில் படுத்துத் தூங்கினாள். உட்கார்ந்தபடி தூங்குவதுதான் அதுவரை அவளுடைய பனிக்காலம்.

மூலை மாறிவிட்டதே என்று மச்சினர் முணுமுணுத்தார். ஆனால் தங்கை மூச்சுவிடுவதைப் பார்த்தபிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். சவரிமுத்துவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, வருஷா வருஷம் ஒரு கூடை மாம்பழம் அனுப்பினார்.

அதற்குப் பிறகு சவரிமுத்து மாதத்தில் ஒரு ஞாயிறாவது வீட்டுக்கு வருவார். வந்ததும் முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை. பீடி பிடிக்க வேண்டும் என்றால் பாக்கியம் அவரைக் கரட்டுப் பக்கம் விரட்டுவாள். "ஊருக்கெல்லாம் புகை போக வழி சொல்றீக, உங்க நெஞ்சுல இருக்குறதுக்கு யாரு வழி சொல்றது?" என்று கேட்பாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு தொலைவில் போய் நிற்பார். ஒருமுறை வெங்காய மண்டி முதலாளி ஒருவர் வாசல் முகப்புக்கு வளைந்த பால்கனியும், மேற்கே பெரிய கண்ணாடிச் சன்னலும் வேண்டும் என்று அவரைத் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சவரிமுத்து அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, மத்தியானம் இரண்டு மணிவரை பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, "இப்ப உங்க பழைய வீட்டுக்குப் போயி உக்காந்து பாருங்க. நாளைக்கும் பால்கனி வேணும்னு தோணுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவைத்தார். அந்த முதலாளி வேறு ஆளைத்தான் பார்த்தார். எல்லாரும் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

வீடு கட்டி முடிந்தது என்று யார் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது. "குடி வந்தாச்சுன்னு சொல்லுங்க சார், போதும். மனுசன் மாறுறான், காத்து மாறுது, வீடு மட்டும் எப்படி முடியும்" என்பார். எங்கள் கூடத்தையே மூன்று தடவை மாற்றிவிட்டோம். பலகைத் தடுப்பு மாட்டினோம், அதைக் கழற்றி மகள் கல்யாணத்தை நடத்தினோம், திரும்ப மாட்டி மருமகனுக்கு அறை ஆக்கினோம்.

இத்தனை வருஷத்தில் மூன்று முறை அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறேன். இரண்டு முறை அவராகவே பேச்சை மாற்றிவிட்டார். மூன்றாவது முறை அவருக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் ஆகட்டும் என்று வந்துவிட்டேன். அந்த இன்னொரு நாள் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பாக்கியமும் நானும் போயிருந்தோம். அவர் மனைவி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டு, நாடா போட்டுக் கட்டி, பெயர் எழுதி. அவரவர் கட்டை அவரவரிடம் சேர்த்துவிடும்படி சவரிமுத்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உங்களில் பலருக்கும் இதற்குள் வந்திருக்கும். எங்கள் கட்டில் படங்களுக்கு அடியில் அந்தக் காற்று நோட்டு இருந்தது.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்து புரட்டினேன். கார்த்திகைப் பக்கங்கள் வந்தன. பேனா மாற்றியது, அடித்தல் திருத்தல், அந்தச் சொட்டுத் தண்ணீர் எல்லாம் அப்படியே இருந்தன. முப்பத்தேழு நாளையும் சேர்த்து ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தது. பக்கத்தில் அவருடைய நுணுக்கி நுணுக்கி எழுதும் எழுத்தில் மூன்று வரி.

"இது பார்க்காமல் எழுதியது. கேட்க வேண்டாம், சார் கூச்சப்படுவார். இரண்டு அறைக்கும் புகைபோக்கி வைத்துவிடலாம்."

நான் நோட்டைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினதென்றால் என்ன என்று கேட்டாள். அப்போது சொன்னேன், சகதி, சைக்கிள், கேரம் பலகை, எல்லாவற்றையும். பதினோரு வருஷம் கழித்துச் சொன்னேன். அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எங்கண்ணன் அவரத் திட்டும்போது நீங்க பக்கத்துலதான் நின்னீக" என்றாள்.

ஆமாம் என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போனாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான். மூன்றாம் நாள் மச்சினருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள், நடந்ததை நடந்தபடி. அவள் எதிரில் உட்கார்ந்து எழுதி, படித்துக் காட்டி, தபாலில் போட்டேன். அவரை அறிந்த உங்களுக்கும் அதையேதான் இப்போது எழுதுகிறேன். எங்கள் வீட்டு விஷயத்தில் சவரிமுத்துவின் கணக்கு தப்பவில்லை. நான் தப்பாக எழுதுவேன் என்பதையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போட்டிருந்தார்.

தெற்கறையில், பாக்கியத்தின் கட்டிலுக்கு மேலே, பழைய புகைபோக்கியின் வாய் ஒரு தகர மூடியோடு இருக்கிறது. இனி எதற்கு, சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாமா என்று போன வாரம் கருப்பையா கேட்டார். வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு, அதில் இது ஒன்று. இன்னொன்று அந்தக் கழி. புதுத் துணி கட்டியிருக்கிறேன், காலை ஏழு மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் பார்த்துத்தான் எழுதுகிறேன். நான் போகாத நாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறேன்.